வீட்டு கராஜில் ஒரு ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் கோவென்ட்ரியில், வீட்டை ஒட்டியுள்ள ஒற்றைக் கார் கராஜில், நண்பர்கள் மூன்று பேரோடு சேர்ந்து 1973-ஆம் வருஷத்து ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் சரிசெய்து ஓட வைத்தோம். மூன்று குளிர்காலம் பிடித்தது. அதற்கப்புறம் கோயிலில், கல்யாண வீட்டில், பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளி வாசலில் என்று எங்கே போனாலும் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். சிலர் தாங்களும் ஒரு வண்டி வாங்கிப் பிரித்துப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

எத்தனையோ பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருக்க, ஏன் ஸ்பிட்ஃபயர்?

நான் தாம்பரத்தில் வளர்ந்தவன். என் மாமாவிடம் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இருந்தது. பக்கத்து வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி தயாரித்த வண்டி. அதன் பானெட் மற்ற கார்களைப் போலக் கண்ணாடிப் பக்கம் திறக்காது. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து அப்படியே முன்பக்கமாகச் சாயும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா முன்சக்கரத்தின் மேல் ஒரு பழைய துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைப்பார். நான் பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன்.

அந்த ஹெரால்டின் தாய்வீடு கோவென்ட்ரி. 1959-இல் இங்கே வந்த ட்ரையம்ப் ஹெரால்டுதான் நம்மூரில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஆனது. அதன் சேஸியை, அதாவது அடிச்சட்டத்தை, நீளம் குறைத்து மாற்றி, மேலே இரண்டு பேர் உட்காரும் திறந்த உடலை வைத்தால் அதுதான் ஸ்பிட்ஃபயர். இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் இத்தாலியின் ஜொவானி மிக்கெலோட்டி. கம்பெனியிடம் பணமில்லாமல் மாதிரி வண்டி ஒரு மூலையில் மூடிக் கிடந்தது. 1961-இல் லேலண்ட் கம்பெனி ட்ரையம்பை வாங்கியபோது, சுற்றிப் பார்க்க வந்தவர்கள் கண்ணில் அது பட்டதால்தான் உயிர் பிழைத்தது. 1962-இல் விற்பனைக்கு வந்து 1980 ஆகஸ்ட் வரை, இந்த ஊரின் கேன்லி ஆலையில் மூன்று லட்சத்துக்கும் மேல் தயாரானது.

ஆசை ஒரு பக்கம் இருக்கட்டும். வீட்டில் வேலை பார்க்க இதைவிடத் தோதான வண்டி எனக்குத் தெரியவில்லை. சேஸி தனி, உடல் தனி. பானெட்டைச் சாய்த்தால் என்ஜின் முழுக்கக் கண்முன்னால் நிற்கும். டயர் மேல் உட்கார்ந்தே பாதி வேலையை முடிக்கலாம். உதிரி பாகங்களில் பெரும்பாலானவை இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன.

எந்த மாடல் வாங்கலாம்?

முதல் இரண்டு மாடல்களில் (மார்க் 1, மார்க் 2) என்ஜின் 1147 சிசி, மார்க் 3-இலும் மார்க் 4-இலும் 1296 சிசி, கடைசியாக வந்த 1500-இல் 1493 சிசி. 1970-க்கு முந்தைய வண்டிகளில் பின்சக்கர அமைப்பு கொஞ்சம் முரண்டு பிடிக்கும். வேகமாக வளைவில் போகும்போது சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்பக்கமாக மடியப் பார்க்கும். மார்க் 4-இல் பின்சக்கர ஸ்பிரிங்கின் அமைப்பை மாற்றி அதைப் பெரிதும் சரிசெய்தார்கள். குடும்பத்தோடு பழகப் போகிற வண்டி என்றால் மார்க் 4 அல்லது 1500 எடுங்கள்.

வாங்கப் போகும்போது எதைப் பார்க்க வேண்டும்?

துருவை. என்ஜின் ஓடவில்லை என்றால் பயப்படாதீர்கள், அதைச் சரிசெய்துவிடலாம். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் என்ற பெட்டித் தகட்டை முதலில் பாருங்கள். ஸ்பிட்ஃபயரின் சேஸி நடுவில் ஒரு முதுகெலும்பு மாதிரி ஒல்லியாக ஓடுகிறது. பக்கவாட்டில் உடலைத் தாங்குவது இந்தச் சில்தான். வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று மூன்று அடுக்கு. வெளித்தகடு பளபளவென்று புதிதாக இருந்து உள்ளே இரண்டும் பொடியாகிப் போயிருந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். ஒட்டாத இடத்தில் பெயின்டுக்கு அடியில் இருப்பது பட்டி, அதாவது ஓட்டையை மறைக்கும் பூச்சு.

அடுத்து கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவின் பின் ஓரத்தில் இடைவெளி மேலே ஒடுங்கிக் கீழே அகன்றிருந்தால் உடல் நடுவில் தொய்ந்திருக்கிறது என்று அர்த்தம். காலடித் தகடு, சீட்டுக்குப் பின்னால் சக்கரத்தின் கை வந்து மாட்டும் இடம், முன்கண்ணாடியின் கீழ் மூலைகள், டிக்கியின் தரை இவற்றையும் தட்டிப் பாருங்கள்.

கமிஷன் நம்பர், அதாவது ஆலை வண்டிக்குக் கொடுத்த வரிசை எண் உள்ள தகட்டையும் படியுங்கள். மார்க் 3 என்றால் எஃப்.டி., மார்க் 4-உம் 1500-உம் எஃப்.எச். என்று ஆரம்பிக்கும். அந்த நம்பரைக் கொடுத்தால், கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், வண்டி எந்தத் தேதியில் தயாரானது, என்ன நிறத்தில் வெளியே வந்தது என்று பழைய பதிவேட்டைப் பார்த்துக் கட்டணத்துக்குச் சான்றிதழ் தருகிறது. எங்கள் வண்டிக்கும் வாங்கிச் சட்டம் போட்டுக் கராஜில் மாட்டியிருக்கிறோம்.

நண்பர்கள் எப்படிச் சேர்ந்தார்கள்? சண்டை வரவில்லையா?

இந்தக் கேள்விதான் எனக்கு முக்கியம். வேலை தெரிந்தவர்களைத் தேடிப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் வர முடிகிறவர்களைத்தான் கேட்டேன். யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர், ஓய்வு பெற்ற லேத் வேலைக்காரர். பெரிய கட்டடங்களில் லிஃப்ட் பராமரிக்கும் மதுரைக்காரன் ஒருவன், வயரைப் பார்த்தால் அவனுக்கு முகம் மலரும். பக்கத்து வீட்டு ஆங்கிலேயர் ஒருவர், இளவயதில் கேன்லி ஆலையில் வேலை பார்த்தவர். நான் கணக்கு எழுதுகிறவன். பாகங்களை ஆர்டர் செய்வது, பெட்டியில் பெயர் எழுதுவது, டீ போடுவது என் பொறுப்பு. வெல்டிங்கை மாலை வகுப்பில் போய்க் கற்றுக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை 10 மணி முதல் மதியம் 2 மணி வரை. இந்த நேரத்தை மாற்றவே இல்லை. "வசதிப்படும்போது வாங்க" என்று சொல்லியிருந்தால் யாருக்கும் வசதிப்பட்டிருக்காது. ஒரு நாளைக்கு ஒரு வேலைதான். இன்றைக்கு இடதுபக்க முன் பிரேக் என்றால் அது மட்டும். முடிந்ததைச் சுவரில் இருந்த தாளில் அடித்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவோம்.

சண்டை வந்தது. நிறத்துக்காக ஒரு மாதம் வாக்குவாதம். கடைசியில் மியூசியச் சான்றிதழில் இருந்த நிறம்தான் என்று முடிவானது. பணத்தால் சண்டை வராமல் பார்த்துக்கொண்டோம். வண்டி என் பெயரில், செலவு முழுக்க என்னுடையது, அவர்கள் தருவது நேரம். இதை முதல் நாளே பேசிவிடுங்கள்.

முதலில் எதைக் கழற்றுவது?

முடிந்தவரை எதையும் கழற்றாதீர்கள்! முதல் உற்சாகத்தில் ஒரே வார இறுதியில் கார் முழுவதையும் பிரித்துப் போட்டுவிட்டு, எது எங்கே வந்தது என்று தெரியாமல் விற்றுவிடுகிறவர்கள் அதிகம். எங்கள் வண்டியே அப்படி வந்ததுதான். முன்பாதி ஆறு அட்டைப்பெட்டிகளில் கிடந்தது, ஒரு பெட்டியிலும் பெயர் இல்லை. அதைத் தரம் பிரிக்கவே எங்களுக்கு ஐந்து சனிக்கிழமை ஆனது.

அதனால் ஒரு பகுதியை எடுத்து, சரிசெய்து, திரும்ப மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். வண்டி எப்போதும் நாலு சக்கரத்தில் தள்ளக்கூடியதாக இருக்கட்டும். கழற்றுமுன் நாலு பக்கமும் போட்டோ. போல்ட், நட்டு, வாஷரை ஜிப் பையில் போட்டு, பைக்குள்ளேயே பெயர் எழுதிய துண்டுத்தாள். பைக்கு வெளியே மார்க்கரில் எழுதினால் எண்ணெய்க் கை பட்டு அழிந்துவிடும். உடைந்த பாகத்தையும் புதிது வந்து மாட்டும்வரை தூக்கிப் போடாதீர்கள். புதிதாக வருவது சில சமயம் அளவு மாறி வரும், பழையதை வைத்துத்தான் ஒப்பிட முடியும்.

ஸ்பேனரிலும் கவனம். இந்த வண்டியின் போல்ட் எல்லாம் அங்குல அளவு. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் பொருந்துகிற மாதிரியே இருக்கும். இறுகின போல்டில் போட்டு அழுத்தினால் முனையை மழுக்கிவிடும். அங்குல செட் ஒன்று வாங்கிவிடுங்கள்.

சில் மாற்றுவதை, வெல்டிங்கை வீட்டில் செய்யலாமா?

செய்யலாம், பொறுமை இருந்தால். நாங்கள் செய்த முறையைச் சொல்கிறேன்.

உடலைச் சேஸியிலிருந்து தூக்கவே இல்லை. சேஸியோடு இறுகி இருக்கும்போதுதான் உடல் தன் வடிவத்தில் நிற்கும். கதவு வாசலுக்குக் குறுக்கே, முன்தூணிலிருந்து பின்தூணுக்கு இரும்புக் குழாய் ஒன்றை வெல்டு வைத்தோம். அதன் பிறகுதான் பழைய சில்லை வெட்டினோம். அதுவும் ஒரு பக்கம் மட்டும். அந்தப் பக்கம் மூன்று தகடும் மாட்டி முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட்டோம். இரண்டையும் ஒன்றாக வெட்டினால் நடு உடல் தொங்கிப்போகும். அப்புறம் கதவு ஜென்மத்துக்கும் சரியாக மூடாது.

புதுத் தகட்டைக் கிளாம்ப் போட்டுப் பிடித்து, கதவை மாட்டி மூடிப் பார்த்து, கழற்றி, ஒரு துளி நகர்த்தி, மறுபடி கதவை மாட்டி... வலதுபக்கக் கதவை அன்றைக்குப் பதினோரு தடவை மாட்டினோம். அண்ணர் ஒரு வார்த்தை சலித்துக்கொள்ளவில்லை. தடிமனான அட்டை ஒன்றை வெட்டி வைத்துக்கொண்டு, கதவின் ஓரம் முழுக்க மேலிருந்து கீழாக அதை இழுத்துப் பார்த்தார். ஒரே சீராகப் போன பிறகுதான், "சரி தம்பி, இப்ப பத்த வையும்" என்றார். புள்ளி புள்ளியாகத்தான் வெல்டு வைக்க வேண்டும். ஒரே இடத்தில் நீளமாக ஓட்டினால் தகடு சூட்டில் நெளியும்.

பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது. வெல்டிங்குக்கு முன் அதைக் கழற்றிக் கராஜை விட்டே வெளியே கொண்டுபோய்விடுங்கள். காலி டேங்க் என்று அலட்சியம் வேண்டாம். பெட்ரோலைவிட அதன் ஆவிதான் வெடிக்கும். தீயணைப்பான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். வெல்டிங் முடிந்தும் ஒரு மணி நேரம் கராஜைப் பூட்டாமல் பார்த்துக்கொண்டிருங்கள். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள்.

பெயின்ட்?

வெளியே கொடுங்கள். இரண்டு கலவை சேர்த்து அடிக்கும் இன்றைய பெயின்டில் ஐசோசயனேட் இருக்கிறது. அது நுரையீரலைக் கெடுத்து ஆஸ்துமா வரவழைக்கும். சாதாரண முகமூடி அதைத் தடுக்காது, வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி வேண்டும். தேய்ப்பது, பட்டி பார்ப்பது, பிரைமருக்குத் தயாராக்குவது வரை வீட்டில் செய்தோம். பட்டறைக் கூலியில் பெரும்பகுதி அதில்தான் மிச்சமானது.

என்ஜினை முழுக்கப் பிரிக்க வேண்டுமா?

அவசியமில்லை. ஆனால் ஒரு சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். பானெட்டைத் திறந்து, என்ஜின் ஓடாத நிலையில், ஒருவர் கிளட்சை மிதித்து மிதித்து விட வேண்டும். இன்னொருவர் என்ஜினின் முன்னால் இருக்கும் கிராங்க் புல்லியை, அதாவது என்ஜினின் சுழலும் தண்டான கிராங்கின் முனையில் உள்ள சக்கரத்தைப் பார்க்க வேண்டும். அது முன்னும் பின்னும் நகர்வது கண்ணுக்கே நன்றாகத் தெரிந்தால், உள்ளே த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது.

கிராங்க் முன்பின் நகராமல் பிடிப்பது பின்பக்க பேரிங்கில் இருக்கும் இரண்டு அரைவட்டத் துண்டுகள். கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் பாரம் அவற்றின் மேல்தான் இறங்குகிறது. அளவுக்கு மேல் தேய்ந்தால் கழன்று, என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்புக்குள் விழும். அப்புறம் கிராங்க் நேராக பிளாக்கில் உரச ஆரம்பித்தால் என்ஜினே போச்சு. நல்லவேளையாக, இதை மாற்ற என்ஜினை இறக்க வேண்டாம். சம்பைக் கழற்றி, பின் பேரிங் மூடியை எடுத்தால் துண்டுகளைச் சுற்றி வெளியே தள்ளிவிடலாம். புதியதை மாட்டும்போது, பள்ளக் கோடு உள்ள முகம் கிராங்கைப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் வண்டியில் எடுத்த பழைய துண்டு பிளேடு மாதிரி மெலிந்திருந்தது. கேன்லிக்காரர் அதை வாங்கி விரலில் தடவிப் பார்த்துவிட்டு, சிக்னலில் நிற்கும்போது கிளட்சை மிதித்தே வைத்திருக்காமல் நியூட்ரலுக்கு மாற்றச் சொல்லி எங்கள் எல்லோரிடமும் வாக்கு வாங்கினார்.

கியர்பாக்ஸைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது கீழே இறங்காது, காருக்குள் வழியாக வெளியே வரும். சீட்டுகளை எடுத்து, நடுவில் இருக்கும் மூடியைக் கழற்றினால் முழுக்கத் தெரியும். இரண்டு பேர் இருந்தால் தூக்கிவிடலாம்.

ஐம்பது வருஷத்து வயரிங்கைத் தொடவே பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

நிறத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பயம் போய்விடும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பெரும்பாலும் ஒரே முறையில்தான் வயர் போட்டன. பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக எப்போதும் கரண்ட் உள்ளது. வெள்ளை, சாவியைத் திருப்பிய பிறகு வருவது. அதே வெள்ளை ஃபியூஸைத் தாண்டினால் பச்சை. சிவப்பு, சின்ன விளக்குகளுக்கு. நீலம், ஹெட்லைட்டுக்கு. கறுப்பு, எர்த்.

இந்த வண்டிகளில் வந்த லூகாஸ் கம்பெனி மின்சாமான்களைக் குறை சொல்வது இங்கே பழக்கம். எங்கள் அனுபவத்தில் பத்தில் எட்டுப் பழுது எர்த் இணைப்பில்தான் இருந்தது. மதுரைக்காரன் ஒவ்வொரு எர்த் முனையையும் கழற்றி, வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, வாஸ்லின் தடவி மாட்டினான். அணைந்து அணைந்து எரிந்த விளக்கெல்லாம் ஒரே நாளில் நின்று எரிந்தது. பிளக் வயரை மாற்றி மாட்டிவிட்டுத் திகைப்பவர்களுக்கு: சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-3-4-2.

பிரேக்?

இதில் பழையது எதையும் மிச்சம் வைக்காதீர்கள். ரப்பர் குழாய், சிலிண்டர், பைப் எல்லாம் புதிது போடுங்கள். பைப்புக்குத் தாமிர-நிக்கல் கலவை நல்லது, துருப் பிடிக்காது.

பிரேக் பைப்புக்குள் இருக்கும் காற்றை எடுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். நான் பெடலில், அண்ணர் சக்கரத்தடியில். "அமத்து... பிடி... விடு." அவர் "பிடி" என்று சொன்ன பிறகு, அவர் திருகை மூடும்வரை காலை எடுக்கக் கூடாது, எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போய்விடும். தூரத்தில் இருக்கும் பின்சக்கரத்தில் தொடங்கி, கிட்டே இருக்கும் முன்சக்கரத்தில் முடிக்க வேண்டும்.

இன்றைய பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா?

வால்வு உட்காரும் இடம் தேயாமல் காத்த ஈயம் கலந்த பெட்ரோல் பிரிட்டனில் 1999-ஆம் ஆண்டு முடிவோடு நின்றுபோனது. அதனால் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றினால், வால்வு உட்காரும் இடத்தில் கடின உலோக வளையம் போடச் சொல்லுங்கள். 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல் இ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால். அது பழைய ரப்பர் குழாயை அரித்துவிடும். விலை கூடின சூப்பர் பம்பில் வரும் இ5 போடுங்கள், குழாய்களையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். சூடான என்ஜின் மேல் கசிந்தால் வண்டியே எரிந்துவிடும்.

அரசாங்கப் பேப்பர் வேலை?

வேலை நடக்கும்வரை, சாலையில் ஓடாத வண்டி என்று, வாகனப் பதிவைக் கவனிக்கும் அரசு அமைப்பான டி.வி.எல்.ஏ.-விடம் பதிவு செய்துவிடுங்கள். 40 வருஷம் கடந்த, பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்குச் சாலை வரி இல்லை, ஆனாலும் விண்ணப்பிக்க வேண்டும். 2018 மே முதல் எம்.ஓ.டி. என்ற வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. நாங்கள் விரும்பிப் போய்ச் சோதனை செய்தோம், நீங்களும் செய்யுங்கள். நம் கையால் செய்ததை வேறு ஒருவர் கண்ணால் பார்ப்பது நல்லது.

செலவு செய்தது திரும்பக் கிடைக்குமா?

கிடைக்காது. நன்றாக முடித்த ஸ்பிட்ஃபயரின் விலையைவிட அதற்கு ஆகும் செலவு பெரும்பாலும் அதிகம். தகடு வேலையும் பெயின்டும்தான் பாதிக்கு மேல் விழுங்கும். லாபம் வேண்டுமென்றால், வேறொருவர் முடித்த வண்டியை வாங்குங்கள்.

ஹெரால்டுக்கும் இதற்கும் பொதுவான பலவீனம் ஏதாவது உண்டா?

உண்டு, ட்ரனியன். முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிமுனை மரையாக இருக்கும். அது ஒரு பித்தளைத் துண்டுக்குள் திருகி உட்கார்ந்திருக்கிறது, ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையிலேயே சுழல்கிறது. அதற்குப் போட வேண்டியது கியர் ஆயில், இபி90. பலர் கிரீஸ் அடித்துவிடுகிறார்கள். கிரீஸ் கெட்டியாகி வழியை அடைத்துக்கொள்ளும், தண்ணீர் புகுந்து மரை அரிக்கும், ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் படுத்துவிடும். கிரீஸ் துப்பாக்கி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, அதில் ஆயிலை நிரப்பி, மேலே கசிந்து வரும்வரை அடிக்க வேண்டும். மாமாவும் இதைத்தான் செய்துகொண்டிருந்தார் என்பது எனக்கு இத்தனை வருஷம் கழித்துத்தான் புரிந்தது. ஏதோ ஒழுகுகிறது என்று நினைத்திருந்தேன்.

முதல் ஓட்டம் எங்கே?

கேன்லிக்கு. ஆலை இருந்த இடத்தில் இப்போது அலுவலகங்களும் கடைகளும். தெருவுக்கு மட்டும் ஹெரால்டு அவென்யூ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டு சீட்டுதான் என்பதால் கேன்லிக்காரர் என் பக்கத்தில், மற்ற இருவரும் பின்னால் வேறொரு காரில், ஸ்பேனர்களும் தண்ணீர் கேனும் அவர்களிடம். ஓரமாக நிறுத்தி, பானெட்டைச் சாய்த்து, ஆயில் கசிகிறதா என்று பார்த்தோம். என்ஜினின் மேலே இருக்கும் ராக்கர் மூடியில் லேசாக ஈரம். மதுரைக்காரன் இரண்டு நட்டையும் கால் சுற்று இறுக்கினான். அண்ணர் வலதுபக்க டயர் மேல் உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறந்து எல்லோருக்கும் டீ ஊற்றினார். திரும்பும்போது அவரை ஓட்டச் சொன்னோம்.

500 மைல் ஆனதும் ஆயில் மாற்றி, சிலிண்டர் ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்த்து, வால்வு இடைவெளியைச் சரிசெய்தோம். நீங்களும் அதை மறக்காதீர்கள்.